மணக்கிற ரோஜா நோஞ்சானாக இருக்க வேண்டியதில்லை

வாசகர் கேள்வி: வீட்டு முன்னால் ஒரே ஒரு ரோஜாச் செடிக்குத்தான் இடம் இருக்கிறது. மிஸ்டர் லிங்கன் என்று சீட்டு கட்டியிருந்த செடியை வாங்கி வைத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பூ நன்றாக மணக்கிறது. ஆனால் இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து, மஞ்சளாகி, கீழிருந்து கொட்டிக்கொண்டே வருகிறது. வாரம் ஒரு முறை மருந்து அடித்தும் நிற்கவில்லை. தினமும் சாயங்காலம் செடி குளிரட்டும் என்று ஹோஸ் வைத்துத் தலையோடு நனைக்கிறேன், உரமும் தாராளமாகப் போடுகிறேன். வேடிக்கை என்னவென்றால், அடியிலிருந்து கிளம்பிய ஒரு நீளக் கிளையில் மட்டும் ஒரு புள்ளிகூட இல்லை. அதை வைத்துக்கொள்ளலாமா? மணமுள்ள ரோஜா என்றாலே நோயும் சேர்ந்து வரும் என்கிறார்களே, உண்மையா? குழந்தைகள் பூவைப் பறித்து முகர்ந்து விளையாடுவார்கள், அதனால் மருந்தே அடிக்காமல் வளர்க்கக்கூடிய செடி வேண்டும்.

பதில்: முதலில் அந்த நீளக் கிளையைப் பார்த்துவிடுவோம். அது உங்கள் மிஸ்டர் லிங்கன் இல்லை. விற்பனைக்கு வரும் ரோஜாக்களில் பெரும்பாலானவை ஒட்டுச் செடிகள். வேரும் அடித்தண்டும் ஒரு முரட்டு ரோஜாவுடையவை. அதன்மேல் நமக்கு வேண்டிய ரகத்தின் மொட்டு ஒன்றைப் பொருத்தி வளர்த்திருப்பார்கள். ஒட்டுப் போட்ட இடம் அடித்தண்டில் ஒரு முடிச்சாகப் புடைத்துத் தெரியும். அதற்குக் கீழிருந்து கிளம்புவதெல்லாம் வேர்ச்செடியின் தளிர்தான். விட்டுவைத்தால் செடியின் சத்தையெல்லாம் அது இழுத்துக்கொண்டு, மேலே இருக்கும் நல்ல ரகத்தைப் பட்டினி போட்டே கொன்றுவிடும். 'செடி சில வருஷத்தில் பூவின் நிறத்தையே மாற்றிக்கொண்டது' என்று பலர் சொல்வதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்தக் கதைதான்.

ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுக்கிளை, ஐந்து இருந்தால் நல்ல கிளை என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். நம்பாதீர்கள். நல்ல ரகங்கள் பலவற்றிலும் ஏழு சிற்றிலை வருவது சகஜம். அடிமண்ணைக் கொஞ்சம் விலக்கி, கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். முடிச்சுக்குக் கீழே என்றால் கத்தரியை எடுக்க வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு, புறப்படும் இடத்திலேயே பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிடுங்கள். வெட்டினால் அடியில் தங்கிய மொட்டுகள் இரண்டு மூன்றாகத் திரும்பக் கிளம்பும்.

பிய்ப்பதற்கு முன் அந்தக் கிளையை ஒரு நிமிடம் கவனியுங்கள். ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே மருந்து. ஒரு பாதி மொட்டையாகிறது, இன்னொரு பாதி பளபளவென்று நிற்கிறது. உங்கள் பெரிய கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே இருக்கிறது: எந்த ரகம் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

சரி, மணத்துக்கும் நோய்க்கும் வருவோம். மணம் இருந்தால் நோய் வந்தே தீரும் என்று செடியின் உடம்பில் எந்த விதியும் இல்லை. மணம் முக்கியமாக இதழின் வேலை. ரோஜா மணத்தின் முக்கியமான ஒரு கூறு ஜெரானியால். 2015இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள், மணக்கிற 'பாப்பா மேயான்' ரோஜாவையும் அவ்வளவாக மணக்காத 'ரூஷ் மேயான்' ரோஜாவையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஜெரானியால் உருவாவதற்கு இதழில் வேலை செய்யும் ஒரு குறிப்பிட்ட நொதிதான் காரணம் என்று கண்டார்கள். கரும்புள்ளியைத் தடுக்கும் மரபணுக்கள் வேறு. இரண்டும் ஒரே செடியில் சேரலாம், சேர்ந்தும் இருக்கின்றன.

அப்படியானால் இந்தப் பேச்சு எப்படி வந்தது? ரோஜா வளர்ப்பின் வரலாற்றில் வந்தது. 1867இல் வந்த 'லா பிரான்ஸ்' தொடங்கி, கூர்மையான மொட்டும் நீளக் காம்பும் கொண்ட ஹைபிரிட் டீ ரகங்கள்தான் ராஜாவாக இருந்தன. பூவின் உருவத்தையும் நிறத்தையும் பார்த்தே செடிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். தோட்டத்தில் தவறாமல் மருந்து அடித்ததால், இலை பலவீனமான செடியும் தேர்வில் தப்பிவிட்டது. அப்புறம் மஞ்சள் நிற ஆசை. 1900இல் பிரெஞ்சு ரோஜா வளர்ப்பாளர் பெர்னே-டூஷே வெளியிட்ட 'சோலேய் தோர்' ரோஜா வழியாக ஒரு மஞ்சள் காட்டு ரோஜாவின் இரத்தம் தோட்ட ரோஜாக்களுக்குள் வந்தது. நிறத்தோடு கரும்புள்ளிக்கு இளகும் குணத்தையும் அது கொண்டுவந்தது என்று வளர்ப்பவர்கள் நெடுநாளாகக் குறைசொல்லி வருகிறார்கள். மருந்தே வேண்டாம் என்ற பக்கம் காற்று திரும்பியபோது, முதலில் பெரிய வெற்றி பெற்றவை மணமில்லாத ரகங்கள். அமெரிக்காவில் வில்லியம் ராட்லர் உருவாக்கி 2000இல் விற்பனைக்கு வந்த 'நாக் அவுட்' அதற்கு நல்ல உதாரணம். கரும்புள்ளி அதை எளிதில் அண்டாது, ஆனால் முகர்ந்தால் ஒன்றும் பெரிதாகக் கிடைக்காது. ஆக ஒரு பக்கம் மணத்தோடு நோய், இன்னொரு பக்கம் ஆரோக்கியத்தோடு மணமின்மை. இரண்டையும் பார்த்தவர்கள் இதை இயற்கை விதி என்றே முடிவு கட்டிவிட்டார்கள். அது வளர்த்தவர்கள் எதைத் தேடினார்கள் என்பதன் விளைவு, அவ்வளவுதான்.

உங்கள் மிஸ்டர் லிங்கன் 1964இல் வந்த ரகம். அடர்சிவப்பு, அசாத்திய மணம். ஆனால் கரும்புள்ளியை எதிர்த்து நிற்கும் ரகம் என்று யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். நல்ல இடமும் சரியான பழக்கமும் இருந்தால் ஓரளவு சமாளிக்கும். உங்கள் வீட்டில் அதற்கு இரண்டும் கிடைக்கவில்லை.

அடுத்து, உண்மையிலேயே கரும்புள்ளிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடியுங்கள், முடிந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கரும்புள்ளி நோயின் புள்ளி, மை சிந்தி ஊறியதுபோல் ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும். இலையின் மேல்பக்கத்தில் விழும், சுற்றிலும் மஞ்சள் பரவும். புள்ளியின் நடுவே நுண்ணிய கறுப்புக் கொப்புளங்கள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். அதற்குப் பதில் ஓரம் சீராக வட்டமாகவும், நடுவில் சாம்பல் நிறமாகவும், சுற்றி ஊதா வளையமாகவும் இருந்தால் அது வேறொரு இலைப்புள்ளி. நரம்புகளுக்கு நடுவே அடைபட்டுக் கோணல்மாணலாக ஊதாத் திட்டு விழுந்தால் அது அடிச்சாம்பல் நோய். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது நோயே இல்லை, இரும்புச்சத்துக் குறைபாடு. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், கீழிருந்து மேலாகக் கொட்டுவது கரும்புள்ளிக்கே உரிய போக்கு.

இந்தப் பூஞ்சையின் உயிர் தண்ணீரில் இருக்கிறது. அதன் வித்துகள் தண்ணீர்த் துளி தெறிக்கும்போதுதான் முக்கியமாகப் பரவும். தரையில் கிடக்கும் பழைய இலையிலிருந்து துளி தெறித்துக் கீழ் இலையில் விழும், அங்கிருந்து அடுத்த இலைக்கு. வித்து இலைக்குள் நுழைய, இலை தொடர்ந்து ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். இப்போது உங்கள் சாயங்கால நீராட்டத்தை யோசித்துப் பாருங்கள். இரவில் வெயில் இல்லை, காற்றும் குறைவு. இலை காலை வரை ஈரமாகவே கிடக்கும். பூஞ்சை கேட்ட நேரத்துக்கு மேலேயே நீங்கள் கொடுக்கிறீர்கள். ஹோஸின் வேகம் தரையிலிருந்து வித்தைத் தெளித்தும் கொடுக்கிறது. இத்தனைக்கும் நடுவே வாராந்திர மருந்து என்ன செய்துவிட முடியும்? பூஞ்சை மருந்து என்பது நோய் விழாத இலைக்குக் காவல்தான், விழுந்த புள்ளியை அது அழிக்காது. நீங்கள் அடிப்பது பூச்சிக்கான மருந்தாக இருந்தால் பூஞ்சைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எந்த மருந்து என்று எழுதவில்லை, டப்பாவை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

எனவே இன்றிலிருந்து தண்ணீர் காலையில், மண்ணுக்கு மட்டும். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, மேல்மண் காய்ந்ததும் வேர் ஆழத்துக்கு இறங்கும்படி நிறைய ஊற்றுவது மேல். தொட்டிச் செடியாக இருந்தால் சீக்கிரம் காயும், அதற்கேற்ப அடிக்கடி. கொட்டிய இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போட வேண்டாம். செடியின் கீழே இரண்டு அங்குல உயரத்துக்குக் காய்ந்த சருகோ மரத்தூளோ மக்கிய உரமோ மூடாக்காகப் பரப்பினால் தெறிப்பு நிற்கும். தண்டை ஒட்டி மட்டும் மூடாக்கு இருக்க வேண்டாம், ஒரு கையகலம் விட்டுவிடுங்கள்.

இதில் ஒரு முரண் உண்டு. சாம்பல் நோய் என்று இன்னொன்று இருக்கிறது. தளிரிலும் மொட்டுக்காம்பிலும் மாவு தூவியதுபோல் வெள்ளையாகப் படியும், இளம் இலை சுருளும். அதற்கு இலையில் தண்ணீர் நிற்கவே தேவையில்லை. சொல்லப்போனால் தண்ணீர் அதன் வித்து முளைப்பதைக் கெடுக்கும். பகல் வெதுவெதுப்பு, இரவுக் குளிர்ச்சி, காற்றோட்டமில்லாத மூலை, தழைச்சத்து அதிகமாகி வந்த பிஞ்சுத் தளிர் இவைதான் அதற்குப் பிடிக்கும். அதனால்தான் சிலர் தண்ணீர் தெளித்துச் சாம்பல் நோயை அடக்கிவிட்டு, கரும்புள்ளியை வரவழைத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் பொதுவான பதில் காலை வெயிலும் காற்றும்தான். நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடம் வேண்டும், அதிலும் காலை வெயில் முக்கியம். பனியீரத்தைக் காய வைப்பது அதுதான். சுவரை ஒட்டிச் செடி வைத்திருந்தால் இரண்டு அடியாவது தள்ளி வையுங்கள்.

உரத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. 'தாராளமாக' என்று எழுதியிருக்கிறீர்கள். தழைச்சத்து மிகுந்தால் தளிர் கொழுகொழுவென்று வரும். அது சாம்பல் நோய்க்கும், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கும் விருந்து. ஒவ்வொரு பூச்சுற்று முடிந்ததும் மக்கிய தொழு உரம் ஒரு கூடை போதும். செடி இலையற்று நிற்கும்போது உரம் போட்டுத் தேற்ற முயலாதீர்கள்.

இப்போது எந்த ரகம் என்ற கேள்வி. எனக்குப் பிடித்த வழி, கடைக்குப் போவதற்கு முன் தெருவைச் சுற்றி வருவது. மழைக்காலம் முடியும் தறுவாயில், யாரும் பெரிதாகக் கவனிக்காத வீட்டு வேலியோரம் ஒரு ரோஜா நிற்கும். அதன் கீழ் இலைகளைப் பாருங்கள். முழங்கால் உயரத்துக்குக் கீழேயும் இலை பச்சையாக இருந்து, பூவும் மணந்தால், உங்களுக்கு வேண்டிய செடி அதுதான், பெயர் தெரியாவிட்டாலும். இதற்குக் காரணம் உண்டு. கரும்புள்ளிப் பூஞ்சையில் பல இனங்கள் இருக்கின்றன. ஓரிடத்தில் அசையாமல் நின்ற ரகம், வேறிடத்தில் வேறு இனத்திடம் தோற்றுப்போகும். எந்தப் பட்டியலையும்விட உங்கள் பகுதியில் மருந்தில்லாமல் தழைத்து நிற்கும் செடியின் சாட்சியம் பெரிது.

அந்த வீட்டாரைக் கேட்டுக் குச்சி வாங்கி வாருங்கள். அப்போதுதான் பூத்து முடிந்த கிளையில் பென்சில் கனத்துக்கு, ஒரு சாண் நீளம். மேலே இரண்டு இலையை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டு, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, குறைந்தது இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு, நிழலில் ஈரம் காயாமல் வையுங்கள். ஐந்தாறு குச்சி வைத்தால் இரண்டு மூன்றாவது பிடிக்கும். சொந்த வேரில் வளரும் செடி என்பதால், அடியிலிருந்து எது கிளம்பினாலும் அதே ரோஜாதான்; காட்டுக்கிளைத் தொல்லை உங்களுக்கு இனி இருக்காது. புதிய ரகங்களில் பலவற்றுக்கு உரிமைப் பதிவு இருக்கும், அவற்றைக் குச்சி வைத்துப் பெருக்கக் கூடாது. பழைய ரகங்களுக்கு அந்தத் தடை இல்லை.

வாங்கித்தான் வைக்கப்போகிறீர்கள் என்றால் சில பெயர்களைச் சொல்கிறேன். ஜெர்மனியின் கோர்டெஸ் நிறுவனத்தின் 'பெவர்லி', இளஞ்சிவப்புப் பூ, பழவாசனை கலந்த நல்ல மணம், இலை உறுதி. 'ஜூலியா சைல்ட்' வெண்ணெய் மஞ்சள், குட்டையான செடி, சோம்பு சாயலில் மணக்கும். மஞ்சள் ரோஜாவெல்லாம் நோஞ்சான் என்பதற்கு இது நல்ல விதிவிலக்கு. இங்கிலாந்தின் டேவிட் ஆஸ்டின் நிறுவன ரகங்களில் 2014இல் வந்த 'ஒலிவியா ரோஸ் ஆஸ்டின்' நோய் எதிர்ப்பில் பெயர் வாங்கியது, மணம் மிதம். குளிர்ப் பிரதேசமாக இருந்தால் ருகோசா வகையை யோசிக்கலாம். 1901இல் வந்த 'ரோஸ்ரே த லே' அதில் ஒன்று, மணத்துக்குக் குறையே இல்லை. சுருக்கம் விழுந்த அதன் தடித்த இலையைக் கரும்புள்ளி சாதாரணமாகத் தொடாது. மருந்து அடித்தால்தான் அந்த இலை கருகும்! சுண்ணாம்பு மிகுந்த மண் மட்டும் அதற்கு ஆகாது.

பெயர்ச்சீட்டில் ஏடிஆர் முத்திரை இருந்தால் நம்பலாம். ஜெர்மனியில் வில்ஹெல்ம் கோர்டெஸ் முன்னெடுத்த சோதனை முறை அது. புதிய ரகங்களைப் பல தோட்டங்களில் மூன்று ஆண்டு வளர்த்துப் பார்க்கிறார்கள். 1997 முதல் அங்கே மருந்து எதுவும் அடிப்பதில்லை. முத்திரை வாங்கிய ரகம் பின்னாளில் நோய்க்கு இளகினால் முத்திரையைத் திரும்பவும் எடுத்துக்கொள்கிறார்கள், அதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம். ஆனால் அந்தச் சோதனை நடப்பது குளிர்ந்த நாட்டில். கடும் வெயிலும் புழுக்கமும் உள்ள ஊருக்கு அதை ஒரு நல்ல அறிகுறியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் பூவைப் பார்த்து மயங்காமல், முதலில் குனிந்து அடி இலைகளைப் பாருங்கள். அடி மொட்டையாக இருந்தால் எவ்வளவு பெரிய பூவானாலும் வேண்டாம். பளபளப்பான, கொஞ்சம் தடித்த இலை பெரும்பாலும் நல்ல அடையாளம். அப்புறம் மணம். பாதி விரிந்த பூவைக் காலை வெயில் ஏறும் நேரத்தில் முகருங்கள். மொட்டில் மணம் முழுதாக வந்திருக்காது, முழுக்க மலர்ந்து தளர்ந்த பூவில் பாதி போயிருக்கும். மதியக் காற்றில் முகர்ந்துவிட்டு மணமில்லை என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். முடிந்தால் வீட்டில் இன்னொருவரையும் முகரச் சொல்லுங்கள். ரோஜா மணத்தில் ஐயோனோன் என்ற கூறு ஒன்று உண்டு, சிலருடைய மூக்குக்குப் பிறவியிலேயே அது எட்டாது. ஒருவர் 'ஆஹா' என்பார், பக்கத்தில் இருப்பவர் 'என்ன மணக்கிறது?' என்பார். இருவரும் சொல்வது உண்மைதான். பூங்கொத்துக் கடையில் இருக்கும் ரோஜாவை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய வேண்டாம். அவை நீண்ட பயணத்தைத் தாங்கத் தேர்ந்தெடுத்தவை.

புதுச் செடி வைத்தபின் கவாத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். உங்கள் பகுதியில் கடுங்குளிர் முடியும் நேரத்திலோ, குளிரே இல்லாத இடமென்றால் மழை ஓய்ந்த பிறகோ, காய்ந்த கிளை, நோய்ப்பட்ட கிளை, நடுவில் ஒன்றோடொன்று உரசும் கிளை எல்லாவற்றையும் எடுத்து, செடியின் வயிற்றுப் பகுதி காற்றாடத் திறந்திருக்கும்படி செய்யுங்கள். வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு அரை சென்டிமீட்டர் மேலே வெட்டினால் புதுக்கிளை வெளியே போகும். நுனியிலிருந்து கறுத்துக்கொண்டு வரும் கிளையானால், உள்தண்டு வெள்ளையாகத் தெரியும் வரை இறங்கி வெட்டுங்கள். கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அடுத்த கிளைக்குப் போகவும். தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை இலைகளைக் கிள்ளிவிட்டால் தெறிப்பு ஏறுவது இன்னும் குறையும்.

இவ்வளவும் செய்தபின் அங்கங்கே இரண்டு புள்ளி விழுந்தால் பதற வேண்டாம். புள்ளி விழுந்த இலையைக் காய்ந்த நாளில் கிள்ளி எடுங்கள். அசுவினியைக் காலையில் தண்ணீர் பீய்ச்சியே உதிர்க்கலாம், வெயிலுக்குள் இலை காய்ந்துவிடும். குழந்தைகள் கையாளும் செடிக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்பட்டால், ரகத்தை மாற்றுவதுதான் வழி என்பேன்.

பழைய செடியை எடுத்துவிட்டு அதே குழியில் புதியதை வைப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. ரோஜா நின்ற மண்ணில் இன்னொரு ரோஜாவை உடனே வைத்தால் அது சரியாக வேர் பிடிக்காமல் சவலையாகவே நிற்பது உண்டு. கரும்புள்ளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் பூஞ்சை மண்ணில் தனியாகப் பிழைக்காது, பழைய இலையிலும் தண்டிலும்தான் ஒளிந்திருக்கும். இது மண்ணின் சோர்வு. ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்குப் பழைய மண்ணை வாரி, ரோஜா வைக்காத இடத்து மண்ணையும் மக்கிய உரத்தையும் கலந்து நிரப்பிவிட்டு நடுங்கள். எடுத்த மண்ணை வேறு செடிகளுக்குத் தாராளமாகப் போடலாம், அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.